திரைவழி நூல்களும் திறனாய்வு நெறியும்

முதலில் காட்சியாகத் தோன்றிப் பின்னர் நூலுருப் பெற்ற புதினங்களை வணிகப் பொருளென ஒதுக்குதல் திறனாய்வாளர் பலர்க்கும் இயல்பு. தொலைக்காட்சித் தொடர்களினின்று பிறந்த அறிவியற் புனைகதைகள் இவ்வொதுக்கத்திற்குப் பெரிதும் ஆளாயின. அவற்றை மதிப்பிடும் நெறி நம் மரபிலேயே உண்டென்பதும், அந்நெறி கொங்கு நாட்டு ஆய்வாளர்க்கு மிகவும் வேண்டுவதென்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கின்றது. அவ்விதி புனைகதைக்கென எழுந்ததன்று. எனினும் ஈண்டுப் பயன்படும். வழிநூல் என்பது இழிவுப் பெயரன்று. ஆசிரியன் ஆற்றிய தொழிலைச் சுட்டும் பெயரே என்க.

அமெரிக்க நாட்டில் 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரின் கதைகளுள் ஏழினை ஜேம்ஸ் பிளிஷ் 1967-இல் ஒரே சிறு நூலுள் அடக்கினார். இது தொகுத்தல். இங்கிலாந்தில் 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் கதைப்பொறுப்பாளராயிருந்த டேவிட் விட்டேக்கர், அதன் டாலெக் கதையை 1964-இல் புதினமாக்கினார். தொடரிலுள்ள தொடக்கத்தை விடுத்து, புதிய தொடக்கம் ஒன்றைப் படைத்து, கதைமாந்தருள் ஒருவராகிய ஆசிரியர் இயன் தாமே கூறுவதாக முழுவதையும் அமைத்தார். புறத்தே நின்று காட்டிய காட்சி, ஒருவன் உள்ளத்தின் வழியே ஓடும் கதையாயிற்று. இது விரித்தல், ஒருவாற்றான் புதுப்படைப்பும் ஆகும்.

இந்நூல்களுக்குப் பிறிதொரு சிறப்பும் உண்டு. அத்தொடரின் பழைய ஒளிப்பதிவுகள் பலவற்றை ஒலிபரப்புக் கழகமே அழித்துவிட்டது. 1964-இல் ஒளிபரப்பான 'மார்கோ போலோ' கதையின் ஏழு பகுதிகளும் அவ்வாறு மறைந்தன. அதனை எழுதிய ஜான் லுகரொட்டியே பின்னர்ப் புதினமாகவும் ஆக்கினமையின், முதல் மறைந்த இடத்து வழியே சான்றாய் நிற்கின்றது. ஆயினும் சான்றினை ஆராயாது கொள்ளலாகாது. ஆசிரியர் புதிதாகச் சேர்த்ததும் அதனுள் உண்டாதல் கூடும்.

இந்நிலை நமக்குப் புதிதன்று. தமிழ்ப் படங்களுள் முதன்மை பெற்ற 'கீசகவதம்' (1918), 'காளிதாஸ்' (1931) ஆகியவற்றின் சுருள்கள் இன்றில்லை. 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவிய கோவை, பின்னர்ச் சென்ட்ரல், பட்சிராஜா ஆகிய படநிலையங்களைக் கண்டது. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் அமெரிக்கருடன் இணைந்து எடுத்த 'காடு' என்னும் படத்தில், அற்றுப்போன மாமத யானைகள் மீண்டும் தோன்றுகின்றன. அறிவியற் புனைவு கொங்கு நாட்டுப் படத்தொழிலிலும் அன்றே இடம்பெற்றது. அக்காலப் படங்களின் பாட்டுப் புத்தகங்கள் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு கூறும். வேண்டுமென்றே முடிவை மறைத்த தொகுப்பு அது. கதைவசன நூல்களோ உரையாடலைக் காத்தன, நடிப்பைக் காக்கவில்லை. ஒவ்வொன்றும் எதனைக் காத்தது, எதனை விட்டது என அறிந்தே பயன்கொள்ளல் வேண்டும்.

முதல், வழி என்னும் வரம்பு மயங்கும் இடமும் உண்டு. ஏவுகணைத் திருட்டைப் பொருளாகக் கொண்ட 'விக்ரம்' படம் 1986-இல் வெளிவந்தது. அதன் கதையைச் சுஜாதா குமுதம் இதழில் தொடராகவும் எழுதினார். அவருடைய 'என் இனிய இயந்திரா'வோ இதழ்த்தொடராகத் தோன்றிப் பின்னரே தொலைக்காட்சிக்குச் சென்றது. ஆதலின் எது முந்தியது என்னும் வினா ஒன்றே மதிப்பினை முடிவு செய்யாது.

திரைவழி நூலை ஆராய்வோர் மூன்றினை வினவுதல் தகும்: எதனைச் சுருக்கிற்று? எதனை விரித்தது? காட்சியால் இயலாத எதனை எழுத்தால் இயற்றிற்று? மூன்றாவதற்கு விடையுடைய நூல் இலக்கியமாம். விடையிலாத நூலும் வரலாற்றுச் சான்றாம். இரண்டும் ஒருங்கே பேணத்தக்கன. மலிவுத் தாளில் அச்சான கொங்கு நாட்டுப் படநூல்களைத் திரட்டிக் காத்தல் நம் துறைகளின் உடனடிக் கடமை. தாள் பொடிந்தபின் திறனாய்வு தொடங்கிப் பயனில்லை.