ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் கேம்களில் ‘மிக்ஸ்-அப்’ என்றால் என்ன? எதிராளியின் கார்டை உடைப்பது எப்படி?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு லீவு நாள். டிவியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஓடுகிறது. தம்பி எல்லா பட்டனையும் போட்டு அமுக்குகிறான். அண்ணன் ஒண்ணும் செய்யவில்லை, கீழ்-பின்பக்கம் பிடித்துக்கொண்டு எல்லா அடியையும் தடுக்கிறார். தம்பி ஓய்ந்ததும் ஒரே ஒரு காம்போ. ஆட்டம் குளோஸ். “உனக்கு வேகம் பத்தாது மக்கா” என்கிறார் அண்ணன்.

உண்மையில் பிரச்சினை வேகம் இல்லை. 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பிரிவில் தங்கம் வாங்கிய தென் கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. அதே பிரிவில் இந்தியாவுக்காக மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள், பதக்கம் கிடைக்கவில்லை. 44 வயதுக்காரர் ஜெயிக்கிறார் என்றால், விரல் வேகத்தைத் தாண்டி இதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதில் முக்கியமான ஒன்றுதான் மிக்ஸ்-அப்.

பார்த்துத் தடுக்க முடியாதா?

இந்த கேம்கள் ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்து, பட்டனை அமுக்க மனிதருக்குச் சுமார் 12 முதல் 15 ஃபிரேம் ஆகும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் எதிராளியைப் பிடித்து எறியும் ‘த்ரோ’ வெறும் 5 ஃபிரேமில் வந்துவிடும். ஆகவே தடுப்பவர் பார்த்து முடிவெடுக்க முடியாது, முன்கூட்டியே ஊகிக்கத்தான் வேண்டும்.

தூத்தூர், சின்னத்துறை பக்கம் கடற்கரையில் ஃபுட்பால் ஆடியவர்களுக்கு இது புரியும். பெனால்டி கிக்கில் பந்து கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பாய்ந்தால் கோல்கீப்பருக்கு லேட் ஆகிவிடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குனிந்து தடுத்தால் பெரும்பாலான அடிகள் நின்றுவிடும். ஆனால் மேலிருந்து இறங்கும் ‘ஓவர்ஹெட்’ அடி படும். நின்று தடுத்தால் காலுக்கு வரும் அடி படும். த்ரோவை இரண்டும் தடுக்காது, தானும் அதே நேரத்தில் த்ரோ பட்டனை அமுக்கித்தான் விடுபடணும். அடியா, பிடியா என்பதுதான் இங்கே அடிப்படைக் கேள்வி. டெக்கனில் கதை கொஞ்சம் வேறு. அங்கே குனிந்தாலே பெரும்பாலான த்ரோக்கள் தலைக்கு மேல் போய்விடும், ஆனால் நடு உடம்புக்கு வரும் அடி குனிந்தவரைத் தாக்கும். அதனால் டெக்கனில் நடுவா, காலா என்பதே முதல் கேள்வி.

முதல்ல உங்க முறை வரணும்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். எதிராளி சும்மா நிற்கும்போது ஓடிப்போய் த்ரோ போடப் பார்ப்பார்கள். அவர் ஒரு குத்து விட்டாலே போதும், கதை முடிந்தது. அவரால் திருப்பி அடிக்க முடியாத நேரத்தில் கேட்டால்தான் அது கேள்வி.

அந்த நேரம் எது? எதிராளி கீழே விழுந்து எழும் தருணம். அவர் எழுவதற்குள் பக்கத்தில் போய் நின்றுவிட்டால், முதல் நகர்வு உங்களுடையது. அவர் திரையின் மூலையில் விழுந்தால் இன்னும் நல்லது. பின்னால் போக இடம் இல்லை, த்ரோ போட்டாலும் அதே மூலையில்தான் கிடப்பார், மறுபடி அதே கேள்வியைக் கேட்கலாம். (இதற்காகவே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆட்டக்காரர்கள் மூலை த்ரோவைத் திட்டித் தீர்க்கிறார்கள். சிக்கியவருக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.)

கபடியில் ரெய்டர் காட்டும் பாவ்லாவை யோசியுங்கள். முதல் இரண்டு தடவை, எதிராளி எழும்போது அடியுங்கள். படாவிட்டாலும் பரவாயில்லை, “இவன் அடிப்பான்” என்று அவர் பழகட்டும். மூன்றாவது தடவை அவர் கெட்டியாகத் தடுத்துக்கொண்டிருப்பார், அப்போது த்ரோ. இப்போது அவர் த்ரோவுக்குப் பயந்து தானும் த்ரோ பட்டனை அமுக்க ஆரம்பிப்பார். அடுத்த முறை பக்கத்தில் போய், அரை அடி பின்வாங்குங்கள். அவர் கை காற்றைப் பிடிக்கும், உங்களிடம் இருக்கும் பெரிய காம்போவை அங்கே போடுங்கள். இந்தப் பின்வாங்கலுக்கு ‘ஷிம்மி’ என்று பெயர்.

ஓவர்ஹெட் அடிகள் பலவும் சுமார் 20 ஃபிரேம் எடுக்கும், அதற்காகவே காத்திருப்பவர் பார்த்தே தடுத்துவிடலாம். மனசு த்ரோ பயத்தில் இருக்கும்போதுதான் அது படும்.

எது எத்தனை தடவை?

பாதிக்குப் பாதி என்று நினைத்தால் தப்பு. உங்கள் அடி பட்டால் 200, த்ரோ பட்டால் 100 சேதம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக ஊகித்தால் எதிராளிக்குச் சேதமே இல்லை. அவர் பெரிய அடிக்குத்தான் அதிகம் பயப்படுவார், மூன்றில் இரண்டு தடவை அடியைத் தடுப்பதே அவருக்கு லாபம். அதனால் நீங்களும் மூன்றில் இரண்டு தடவை த்ரோ போடுவதுதான் சரியான கணக்கு. சின்ன சேதம் தரும் ஆயுதத்தை அதிகம் பயன்படுத்தணும் என்பது கேட்க வினோதமாக இருக்கலாம், ஆனால் பெரிய அடியின் மீதான பயம்தான் த்ரோவுக்கு வழிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. ரியூ, கென் மாதிரி கேரக்டர்கள் எழும்போதே ‘ஷோர்யுகென்’ போட்டு உங்களை வீழ்த்த முடியும். அதனால் சில தடவை பக்கத்தில் போய் ஒன்றும் செய்யாமல் தடுத்து நில்லுங்கள். அவர் வானத்தில் பறந்து இறங்கும்போது முழு காம்போவும் உங்களுக்கு இலவசம்.

டிரெய்னிங் மோடில் எதிர் பொம்மையை எழுந்ததும் மூன்று விதமாக ஆட ரெக்கார்ட் செய்யலாம்: ஒன்றில் தடுக்கட்டும், ஒன்றில் த்ரோ அமுக்கட்டும், ஒன்றில் ஷோர்யுகென் போடட்டும். மூன்றையும் மாறி மாறி வரும்படி வைத்துவிட்டு தினமும் 15 நிமிஷம் ஆடிப் பாருங்கள். அப்புறம் அண்ணனைக் கூப்பிடலாம்.