வீதி யாருக்குச் சொந்தம்?

பொழுது புலரும் வேளையிலே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள்! ஆலைக்கு விரையும் தொழிலாளர், ஏடேந்திய மாணவர், கூடை சுமக்கும் தாய்மார் அனைவரும் தோளோடு தோள் உரசிச் செல்கின்றனர். “நீ எந்தச் சாதி? இங்கே நடக்க உனக்கு உரிமை உண்டா?” என்று கேட்பார் எவருமில்லை. வீதிகள் என்றுமே இப்படித்தான் இருந்தனவோ? இல்லை, தோழர்களே! சென்னை மாநகருக்குள் இச்சாலை தாங்கி நிற்கும் பெயரே சான்று கூறும்: பெரியார் ஈ.வெ.ரா. சாலை! வீதியில் நடக்கும் உரிமைக்காகச் சிறை புகுந்தவரின் பெயர் ஒரு வீதிக்கு வாய்த்தது பொருத்தமன்றோ?

இச்சாலை சென்று சேரும் பூவிருந்தவல்லி, திருக்கச்சிநம்பி பிறந்த ஊர். பார்ப்பனரல்லாத அப்பெரியவரைக் குருவென மதித்து இராமானுசர் விருந்துக்கு அழைத்தார். அவர் உண்டு சென்றதும் இராமானுசரின் மனைவியார் இல்லத்தைக் கழுவித் ‘தீட்டு’ நீக்கினார் என்று வைணவ மரபே கதை கூறுகிறது. கதை எவ்வாறாயினும் அது காட்டும் பாடம் மெய். சான்றோர் ஒருவர் கனிவு காட்டினால் மட்டும் தீண்டாமை சாகாது. கனிவு, கொடுப்பவர் விருப்பம். உரிமை, மக்கள் போராடிப் பெறுவது.

அப்போர் வைக்கத்தில் மூண்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்து அவ்வூரில், கோயிலைச் சுற்றிய வீதிகளிலே ஈழவரும் புலையரும் நடக்கத் தடை இருந்தது. 1924 மார்ச் 30ஆம் நாள் அறப்போர் தொடங்கிற்று. தலைவர்கள் சிறைப்பட்டனர். ஈரோட்டுக்கு அழைப்பு வந்தது. பெரியார் சென்றார், இருமுறை சிறையேகினார். நாகம்மையாரும் களம் கண்டார். கிறித்தவரான ஜார்ஜ் ஜோசப் சிறைப்பட்டார். சீக்கியர் வந்து உணவுச்சாலை நடத்தினர். ‘இஃது இந்துக்களின் வழக்கு, பிறர் விலகியிருத்தல் நன்று’ என்று காந்தியார் கருதினார். நாமோ, மனிதரின் வழக்கு என்போம்! தடையின்றி நடந்துவந்த மேல்சாதியாரும், மன்னத்து பத்மநாபன் தலைமையில், தடையுண்ட மக்களுக்காக நெடுவழி நடந்தனர். 1925இல் மூன்று புறத்து வீதிகள் திறந்தன. எஞ்சிய வீதி திறக்க 1936 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்திலும் குரல் எழுந்தது. அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டம் ஈன்ற இரட்டைமலை சீனிவாசன், பொதுவீதியும் பொதுக்கிணறும் பொது அலுவலகமும் எல்லார்க்கும் உரியன என்று தீர்மானம் கொணர்ந்தார். மன்றம் ஏற்றது, அரசு ஆணையிட்டது. ஆயினும் தாளில் எழுதிய ஆணை தானே நடக்குமோ? மக்களின் கால்கள் நடந்தாலன்றோ வழி உண்டாகும்!

1955 சனவரியில் ஆவடியிலே காங்கிரசு மாநாடு கூடிச் சோசலிசப் பாணிச் சமுதாயம் காணத் தீர்மானம் இயற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரிலே, ரோசா பார்க்ஸ் எனும் தையல் தொழிலாளி, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கை விட மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தனர், நீதிமன்றத்திலும் வென்றனர். தீர்மானம் இயற்றுவது ஓர் உலகம். நடந்து காட்டுவது வேறோர் உலகம்!

1960களில் ஆவடியிலே டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரிலே தொழிற்பேட்டையும் எழுந்தன. பல மாநிலத்தார், பல மொழியார், பல சமயத்தார் அங்கே ஒருங்கே உழைக்கின்றனர். எந்திரம் சாதி கேட்பதில்லை. ஆனால் மாலையில் வாடகைக்கு வீடு தேடிச் சென்றால், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்ற கேள்வி இன்றும் கதவைச் சாத்துகிறதே! 2022இல் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதே! வீதி திறந்த நாட்டில் வீட்டுக் கதவும் நீர்த்தொட்டியும் இன்னும் சாதியின் பிடியில் இருக்கலாமோ?

இளைஞர்களே! உரிமை இழந்தவன் மட்டும் போராடினால் அது அவன் துயரம். உரிமை பெற்றவனும் உடன் நடந்தால் அது சமுதாயத்தின் வெற்றி. வைக்கம் கற்பித்த பாடம் இதுவே. சாதி கேட்டுச் சாத்தப்படும் கதவு உங்கள் தெருவில் இருக்குமானால், அதைத் தட்டும் முதற்கை உங்கள் கையாக இருக்கட்டும்!