பஞ்ச்

பஞ்ச் என்பது சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், நறுமணப் பொருள் ஆகியவற்றைப் பெரிய கிண்ணத்தில் கலந்து, பலர் கூடி அகப்பையால் மொண்டு குடிக்கும் மதுக்கலவை. இந்தியக் கரைகளில் வணிகம் செய்த ஆங்கிலேயரிடையே 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது வழக்கில் இருந்ததற்குச் சான்று உண்டு. காக்டெயில் என்ற பெயர் அச்சில் தலைகாட்டுவதற்குச் சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பே இது வேரூன்றிவிட்டது. சவர், காலின்ஸ், டாய்க்கிரி முதலிய புகழ்பெற்ற கலவைகள் பலவும் இதன் வழிவந்தவை.

தோற்றம்

பஞ்சைக் குறிப்பிடும் மிகப் பழைய எழுத்தாகக் காட்டப்படுவது 1632ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ராபர்ட் ஆடம்ஸ், ஆந்திரக் கடற்கரையில் இன்றைய நிஜாம்பட்டினத்தை ஒட்டி அமைந்த கம்பெனிப் பண்டகசாலையில் இருந்த நண்பருக்கு எழுதியது அது. ஒற்றுமையாக இல்லம் நடத்துங்கள் என்று சொல்லி, கூடவே பஞ்ச் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கிறார். அளவு பார்க்காமல் குடியுங்கள் என்றும், குடிக்கவே வேண்டாம் என்றும் அந்தத் தொடருக்கு இருவிதமாகப் பொருள் சொல்கிறார்கள். பஞ்ச் என்றால் என்ன என்று ஆடம்ஸ் விளக்கவில்லை. ஆகவே எழுதியவருக்கும் படித்தவருக்கும் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த சான்றுகள் பயணிகளுடையவை. 1638இல் சூரத்தில் தங்கிய ஜெர்மானியர் மண்டெல்ஸ்லோ, சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்ந்த பானம் ஒன்றைக் குறித்தார். 1653இல் பிரெஞ்சுப் பயணி லா புல்லே லெ கூஸ் எழுதிய குறிப்பில் சாதிபத்திரியும் வாட்டிய பிஸ்கட்டும் சேர்கின்றன. அவர் இதை இந்தியாவில் ஆங்கிலேயர் குடிக்கும் பானம் என்றும், பெயரும் ஆங்கிலச் சொல்லே என்றும் சொல்கிறார். வங்கத்தில் இதைக் கண்ட மருத்துவர் பெர்னியே, உடலுக்குக் கேடு செய்யும் பானம் என்று எச்சரித்தார்.

பெயர் குறித்த கருத்து வேறுபாடு தீரவில்லை. 1670களில் இந்தியாவில் இருந்த ஜான் ஃப்ரையர், பொருள்கள் ஐந்து என்பதால் ஐந்தைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்றார். இன்றும் மிகப் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். ஆனால் பழைய குறிப்புகளில் பொருள்களின் எண்ணிக்கை ஐந்தாகவே நிற்கவில்லை. மேலே கண்ட மண்டெல்ஸ்லோவின் பானத்தில் நான்குதான். பீப்பாயைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லொன்றின் சுருக்கம் என்பாரும் உளர்.

கலவையை யார் முதலில் செய்தார்கள் என்பதும் விவாதத்துக்கு உரியதே. சர்க்கரையும் எலுமிச்சையும் பன்னீரும் கலந்த சர்பத் கீழைநாடுகளில் வெகுகாலமாக இருந்தது. அதில் சாராயம் சேர்ந்ததே பஞ்ச் என்பது ஒரு கருத்து. மது வரலாற்றாசிரியர் டேவிட் வொண்ட்ரிச் ஆங்கில மாலுமிகளைக் காட்டுகிறார்: நீண்ட பயணத்தில் பீர் புளித்துப் போனது, வெப்பத்தில் ஒயின் கெட்டது, கெடாமல் நின்றது சாராயம் ஒன்றே, அதைக் குடிக்கத் தக்கதாக்க எலுமிச்சையும் சர்க்கரையும் கரையில் மலிவாகக் கிடைத்தன. இரண்டு கருத்துகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. எப்படியிருந்தாலும், முக்கிய மூலப்பொருள்கள் இந்தியக் கடலோரத்து விளைச்சல். தென்னை ஏறிப் பாளை சீவியவர்களும் கள்ளைக் காய்ச்சி வடித்தவர்களும் இல்லாமல் இந்தப் பானம் பிறந்திருக்க முடியாது.

சாராயம்

தொடக்ககாலப் பஞ்சுக்கு ஊற்றப்பட்டது ஐரோப்பியர் அராக் என்று அழைத்த கீழைநாட்டுச் சாராயம். கோவாவிலும் இலங்கையிலும் அது தென்னங்கள்ளில் வடிக்கப்பட்டது. விரியாத பாளையைக் கட்டி, தட்டி, நுனி சீவிக் கலயம் மாட்டுவார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது பதநீர். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் தானே நுரைத்துக் கள்ளாகும். அதைக் காய்ச்சி வடித்ததே சாராயம். பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், சீனர்கள் கரும்பு வெல்லப்பாகையும் நொதித்த சிவப்பரிசியையும் கொண்டு வேறுவகைச் சாராயம் வடித்தனர். 1689இல் சூரத்துக்குப் புறப்பட்ட பாதிரியார் ஓவிங்டன், வங்கச் சாராயம் கோவாவினுடையதைவிடக் கடுமையானது என்றும், ஐரோப்பியர் இரண்டையுமே பஞ்சுக்குப் பயன்படுத்தினர் என்றும் எழுதினார். இலங்கைச் சாராயம் டச்சுக்காரர் காலத்திலேயே சென்னைக்கு ஏற்றுமதியானது.

சென்னைக் கோட்டையில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பெனி இயற்றிய ஒழுங்கு விதிகளில், ஒருவர் ஒரே அமர்வில் அரை பைண்ட் சாராயத்துக்கு மேல் குடிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பஞ்ச் விற்ற கடைகள் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் இருந்தன.

லண்டன்

இங்கிலாந்துக்குப் பஞ்ச் கம்பெனிக் கப்பல்களின் வழியே வந்தது. 1662 ஜனவரியில் ஜான் ஈவ்லின், யார்க் கோமகனுடன் பிளாக்வாலில் நின்ற ஒரு கிழக்கிந்தியக் கப்பலைப் பார்க்கச் சென்றபோது அங்கே பஞ்ச் பரிமாறப்பட்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அது ஆங்கிலேயரின் விருந்துப் பானமாகவே ஆகிவிட்டது. கடற்படைத் தலைவர் எட்வர்ட் ரஸல் 1694இல் ஸ்பெயினில் தோட்ட நீரூற்றுத் தொட்டி ஒன்றையே பஞ்சால் நிரப்பினார் என்ற கதை அடிக்கடி சொல்லப்படுவது. 2,500 எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள், ஒரு சிறுவன் தொட்டியில் படகு விட்டபடியே கோப்பைகளை நிரப்பினான் என்பார்கள். இடமும் நாளும் அளவுகளும் நூலுக்கு நூல் மாறுகின்றன. அப்படியொரு விருந்து நடந்தது என்பதை மட்டும் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

விலை பற்றிய தெளிவான சான்று ஜேம்ஸ் ஆஷ்லியின் விளம்பரங்களில் கிடைக்கிறது. 1731இல் லட்கேட் ஹில்லில் பஞ்ச் கடை திறந்த ஆஷ்லி, ஒரு குவார்ட் கீழைச் சாராயத்தைப் பஞ்சாகக் கலந்து 6 ஷில்லிங்குக்கும், அதே அளவு ரம்மையோ பிராந்தியையோ 4 ஷில்லிங்குக்கும் விற்றார். குவார்ட் என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். அதில் பதினாறில் ஒரு பங்கைக்கூட அதே கணக்கில், சாராயமானால் நாலரைப் பென்சுக்கும் ரம்மானால் 3 பென்சுக்கும் வாங்கலாம். அதுவரை கிண்ணம் கிண்ணமாக விற்ற பானத்தைக் கூலிக்காரரும் ஒரு மிடறு வாங்கக்கூடிய அளவுக்கு இறக்கிக் கொண்டுவந்தவர் அவர். கலப்படச் சந்தேகம் எழாதபடி எலுமிச்சைச் சர்பத்தைத் தனியாகவும் சாராயத்தை அளவைக் குவளையிலும் கொண்டுவந்து, வாடிக்கையாளர் கண்முன்னே கலக்கச் செய்தார்.

கலக்கும் முறையில்தான் பஞ்சின் நேர்த்தி இருந்தது. அன்று சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக விற்றது. அதிலிருந்து உடைத்த துண்டைத் தடித்த தோலுள்ள ஐரோப்பிய மஞ்சள் எலுமிச்சையின் மேல் அழுத்தித் தேய்ப்பார்கள். தோலின் நுண்பைகள் உடைந்து எண்ணெய் கசிய, வெள்ளைச் சர்க்கரை மெல்ல மஞ்சளாகி ஈரமாகும். அந்தச் சர்க்கரையைச் சாற்றில் கரைத்த பிறகே சாராயமும் நீரும் சேரும்; கடைசியாக மேலே சாதிக்காய் துருவுவார்கள். சாறு மட்டும் பிழிந்த பஞ்சுக்குப் புளிப்பு இருக்கும், வாசம் இருக்காது. சாதிக்காய் துருவச் சட்டைப்பைக்குள் அடங்கும் வெள்ளித் துருவிகள் இருந்தன. அகப்பைகள் வெள்ளியாலானவை, சிலவற்றின் அடியில் நாணயம் பதித்திருக்கும், திமிங்கில வாய்த்தகட்டை முறுக்கிக் கைப்பிடி செய்திருப்பார்கள். கிண்ணங்கள் சீனத்துப் பீங்கான். கான்டன் துறைமுகத்துக் காட்சிகளைச் சுற்றிலும் தீட்டிய கிண்ணங்கள் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. ஓவியர் ஹோகார்த் 1733 வாக்கில் வெளியிட்ட நள்ளிரவுக் கூட்டப் படம் ஒன்றில் மேசை நடுவே இருப்பதும் இத்தகைய கிண்ணமே.

கீழைச் சாராயம் தொலைவாலும் வரியாலும் விலை ஏற, மேற்கிந்தியத் தீவுகளின் ரம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் சாராயப் பஞ்சின் மணத்துக்கு மவுசு குறையவில்லை. லண்டனின் வாக்ஸ்ஹால் பூங்காவில் அது சிறப்புப் பானமாக இருந்தது. கல்கத்தாவில் பிறந்த தாக்கரேயின் வேனிட்டி ஃபேர் நாவலில், இந்தியாவிலிருந்து திரும்பிய ஜாஸ் செட்லி அங்கே ஒரு கிண்ணம் குடித்து நிலை தவறுவதுதான் கதையின் திருப்பம். சாராயம் கிடைக்காதவர்களுக்காக மருத்துவர் கிட்சினர் தம் சமையல் நூலில் ஒரு வழி சொன்னார்: நல்ல ரம்மில் சாம்பிராணியிலிருந்து எடுத்த உப்பைச் சிறிது கரைத்தால் வாக்ஸ்ஹால் மணம் வந்துவிடும். நம் வீடுகளில் தணலில் தூவும் அதே சாம்பிராணிதான்.

பாலும் பஞ்சும்

17ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ பால் பஞ்ச் தோன்றியது. எழுத்தாளர் ஆஃப்ரா பென் கண்டுபிடித்தது என்பது உறுதியற்ற செய்தி. பெஞ்சமின் ஃபிராங்க்லின் 1763இல் ஜேம்ஸ் பௌடாயினுக்கு அனுப்பிய செய்முறை இன்றும் கிடைக்கிறது. 44 எலுமிச்சைத் தோலை 6 குவார்ட் பிராந்தியில் ஒருநாள் ஊறவைத்து, சாறும் சர்க்கரையும் நீரும் சாதிக்காயும் சேர்த்து, 3 குவார்ட் கொதிக்கும் பாலை அதில் ஊற்ற வேண்டும். பால் திரிந்ததும் இரண்டு மணி நேரம் விட்டு, துணிப்பையில் தெளியும்வரை வடிகட்ட வேண்டும். திரிதலில் கசப்பும் துவர்ப்பும் போய்விடும்; புட்டியில் பல மாதம் கெடாமலும் நிற்கும்.

பிற நாடுகள்

சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பெனி 1731இல் தொடங்கியபின் பட்டேவியாச் சாராயம் அங்கும் சென்றது. அங்கே அது புன்ஷ் என்ற இனிப்பு மதுவாக மாறி, 19ஆம் நூற்றாண்டில் புட்டிகளில் அடைபட்டது. வியாழக்கிழமைப் பட்டாணிச் சூப்புடன் அதைச் சூடாகக் குடிக்கும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா மீன்பிடிச் சங்கத்தின் ஃபிஷ் ஹவுஸ் பஞ்ச் பெயர்பெற்றது. ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் இதன் வகைகள் உண்டு.

காக்டெயிலும் பஞ்சும்

1806இல் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகர இதழ் ஒன்று காக்டெயிலுக்கு இலக்கணம் வகுத்தது: ஏதேனும் ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. எலுமிச்சை அதில் இல்லை. எனவே கண்டிப்பாகப் பார்த்தால் காக்டெயில் வேறு, பஞ்ச் வேறு. ஜெர்ரி தாமஸ் 1862இல் வெளியிட்ட மதுக்கலவை நூலில் முதலிடமும் பெருமிடமும் பஞ்சுக்கே. காக்டெயிலுக்குச் சில பக்கங்கள்தாம். ஆனால் காலம் அவசரப்பட்டது. கிண்ணத்தைச் சுற்றி மணிக்கணக்கில் உட்கார ஆளில்லை. ஒரு கோப்பைக்கு மட்டும் கலந்து கொடுக்கும் வழக்கம் வலுத்தது. மது, எலுமிச்சை, சர்க்கரை என்று பஞ்சைச் சுருக்கியதே சவர். லண்டன் லிம்மர்ஸ் விடுதியின் ஜின் பஞ்ச் காலின்ஸுக்கு மூலம் என்பர். கியூபாவின் டாய்க்கிரி சுரங்கத்தில் 1898 வாக்கில் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற பொறியாளர் முதலில் கலந்ததாகச் சொல்லப்படும் டாய்க்கிரியில் ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும்தாம் உள்ளன. மேற்கிந்தியத் தீவுகளில் அதற்கு வெகுமுன்பே அப்படிக் குடித்திருப்பார்கள் என்பதால் அவரைக் கண்டுபிடிப்பாளர் என்பதில் பலருக்குத் தயக்கம் உண்டு.

20ஆம் நூற்றாண்டில் பஞ்ச் என்ற பெயர் பெரும்பாலும் பழச்சாறு விருந்துப் பானங்களுக்கு நின்றது. 2010இல் வொண்ட்ரிச்சின் நூல் வெளிவந்ததை ஒட்டி அமெரிக்க, ஆங்கில மதுக்கூடங்கள் சில கிண்ணத்தை மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தன. பட்டேவியாச் சாராயம் மறுபடி விற்பனைக்கு வந்தது. பழைய செய்முறைகள் கோவாச் சாராயம் கேட்கும் இடத்தில் இலங்கைத் தென்னஞ்சாராயத்தை ஊற்றுகின்றனர். கோவாவிலோ தென்னை ஃபெனி இன்றும் வடிக்கப்படுகிறது; ஆயினும் 2009இல் புவிசார் குறியீடு பெற்றது முந்திரிப் பழத்தில் வடிக்கும் ஃபெனியே.