வன்னீரும் வீட்டுடைமையும்: மானிப்பாய்க் கிணறுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

மானிப்பாயில் இன்று வீடு கட்டுவோர் மென்னீராக்கும் கருவிகளுள் எதனை வாங்குவது என ஆராய்வது வெறும் வீட்டுச் செலவு பற்றிய வினாவாகவே தோன்றும். அவ்வினாவின் பின்னே சமூக உறவுகளின் வரலாறொன்று உண்டு என்பது எமது கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடுவதே. சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கும் மழைநீர், காபனீரொட்சைட்டின் துணையால் அக்கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றைச் சுமந்தவண்ணம் கிணற்றை அடைகிறது. கேத்திலின் அடியிற் படியும் வெண்படையும், நுரைக்க மறுக்கும் சவர்க்காரமும் இதன் விளைவுகளே. உவர்ப்பு வேறு, வன்மை வேறு. இவ்வேறுபாட்டை மறந்து கருவி வாங்குவோர் பலர்.

1841இல் அபர்டீனைச் சேர்ந்த தோமஸ் கிளார்க், சுண்ணாம்பைச் சேர்த்தே நீரிலுள்ள சுண்ணாம்பை வீழ்படிவாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1848 முதல் மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் வெளிக்கொணர்ந்த 'கெமிஸ்தம்' 1875இல் வெளியாயிற்று. சுண்ணாம்பு சுட்ட ஊர், தமிழில் வந்த இரசாயன நூல் ஆகிய இரண்டும் இருந்தும் அம்முறை இங்கு வேரூன்றவில்லை. அறியாமையை மட்டும் காரணங்காட்டுதல் பொருந்தாது. பிரித்தானியாவிற் கொதிகலனிற் படிந்த படை எரிபொருளை விழுங்கியது. மூலதனம் மென்னீரை வேண்டிநின்றது. இங்கோ வன்னீரின் சுமை துணி வெளுத்தோரின் கைகளிலே விழுந்தது. அவ்வுழைப்புக்குக் கணக்கெழுதியவர் யார்? கிணற்றைத் தீண்டவே ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்ட சமூகத்தில் நீரின் தரம் பொதுப் பிரச்சினையாக எழ வழியிருக்கவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்ததே 1957இல்தான். கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' எனப் பெயரிட்டமை தற்செயலன்று.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிளகாய், வெங்காயச் செய்கைக்கு உயிரூட்டின. பம்பியும் இரசாயன உரமும் பெருகின; கிணறுகளில் நைத்திரேற்று ஏறிற்று. வழமையான மென்னீராக்கி இதனை அகற்றாது. அதிலுள்ள பிசின் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பற்றிக்கொண்டு சோடியத்தை விடுகிறது, அவ்வளவே. ஆகவே நீரைப் பரிசோதிப்பிக்காது கருவியைத் தெரிவு செய்தல் வீண். குடிநீருக்கு அக்கருவியைத் தவிர்த்துத் தனிக்குழாய் வைப்பதே தகும். இரத்த அழுத்தமுடையோர் வீட்டில் இது கட்டாயம். இருகாபனேற்றால் வந்த வன்மை மட்டுமெனிற் கொதிக்கவைத்துத் தெளியவிடுதலே குடிநீருக்குப் போதும்.

விற்பனையாளர் பேசாத ஒன்றுண்டு. பிசினைப் புதுப்பிக்கக் கறியுப்புக் கரைசல் வேண்டும்; அக்கழிவு வளவுக்குள்ளேதான் ஊற்றப்படுகிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு வேலி தெரியாது. சுன்னாகத்து மின்னிலையக் கழிவெண்ணெய் அயற் கிணறுகளை மாசுபடுத்திய வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. அங்கே குற்றஞ்சாட்ட ஒரு நிறுவனம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சிறிது சிறிதாக இறங்கும் உப்புக்கு எவர் பொறுப்பு? நாட்கணக்கில் தானாக இயங்குவதைத் தவிர்த்து, பயன்பட்ட நீரளவைக் கொண்டு புதுப்பிக்கும் கருவியைத் தெரிந்தால் உப்புச் செலவு குறையும். ஆயினும் குறைந்த உப்பும் அயலவர் கிணற்றுக்கே செல்லும். கருவி வாங்க வசதியற்றவர் குடிப்பது அந்நீரையே.