ஐதராபாத் உறுதிமொழியும் நாடுகளின் ஒத்துழைப்பும்

1992ஆம் ஆண்டு ரியோ மாநாட்டில் தட்பவெப்பநிலை மாற்ற உடன்படிக்கையும் உயிரியற் பன்மய உடன்படிக்கையும் ஒருசேரக் கையொப்பத்திற்கு வைக்கப்பெற்றன. பின்னதன் பதினொன்றாம் மாநாடு 2012 அக்டோபர் 8 முதல் 19 வரை ஐதராபாத்தில் கூடியது. 2010இல் நகோயாவில் வகுக்கப்பெற்ற 20 இலக்குகளுக்கு நிதி தருவோர் யார் என்பதே இங்கு எழுந்த தலையாய வினா. வளரும் நாடுகளுக்கான நிதியை 2015க்குள் இருமடங்காக்க இறுதியில் இசைவு ஏற்பட்டது. தலைமையமைச்சர் மன்மோகன் சிங் 5 கோடி டாலர் வழங்குவதாக ‘ஐதராபாத் உறுதிமொழி’யை அறிவித்தார். அமெரிக்காவோ 1993இல் கையொப்பமிட்டதோடு நின்றது, ஏற்புறுதி அளிக்கவில்லை. 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அவ்விலக்குகளுள் ஒன்றேனும் உலக அளவில் முழுமையாக எய்தப்பெறவில்லை. அறிவியல் முடிபுகளை ஐயுறுவோரால் மட்டுமே ஒத்துழைப்புக் குலைவதில்லை. அவற்றை ஏற்றுக் கையொப்பமிட்டோர் பொறுப்பைப் பகிரத் தயங்கும்போதும் அது குலைகிறது என்பது இதனால் பெறப்படும்.