குழந்தை மூளையும் நீரின் நடமாட்டமும்

குழந்தையின் மூளையில் நரம்புப் பாதைகள் எவ்வாறு அமைகின்றன என்னும் கேள்வி பழமையானது. அதற்கு விடை தேடிய அறிஞர்கள் நெடுங்காலம் ஒரு துயரமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தனர். உயிரோடிருக்கும் சிசுவின் மூளைக்குள் நோக்க வழியில்லை. இறந்த சிசுக்களின் மூளைகளே அவர்களுக்குப் பாடநூலாயின. மாணவ நண்பர்களே, அக்கட்டுப்பாடு அகன்ற வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில் பால் ஃபிளெக்சிக் என்னும் மருத்துவ அறிஞர் வாழ்ந்தார். மூளையின் பாதைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1876ஆம் ஆண்டில் வெளிவந்தது. நரம்பிழைகள் பலவற்றை மயலின் என்னும் கொழுப்புறை சூழ்ந்திருக்கிறது. நரம்புச் செய்தி விரைந்து செல்ல அது உதவுகிறது. மாண்ட சிசுக்களின் மூளைகளை ஆராய்ந்த ஃபிளெக்சிக், இவ்வுறை எல்லாப் பாதைகளிலும் ஒரே காலத்தில் தோன்றுவதில்லை என்று கண்டார். புலன்களுக்கும் அசைவுக்கும் உரிய பாதைகள் முந்துகின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் பாதைகள் பிந்துகின்றன. அரிய கண்டுபிடிப்புத்தான். ஆயினும் இறந்த மூளை ஒரு கணத்தின் சித்திரமே அன்றோ? அதே குழந்தை அடுத்த மாதம் எவ்வாறு வளர்ந்திருக்கும் என்பதை அது எங்ஙனம் உரைக்கும்?

உயிருள்ள மூளையைக் காணும் வழி நீரினால் திறந்தது. அசையாத தண்ணீரில் ஒரு துளி மையை விட்டுப் பாருங்கள். யாரும் கலக்காமலே அது எங்கும் பரவும். மூலக்கூறுகள் ஓயாமல் அலைவதே காரணம். இந்த அலைச்சலின் கணக்கை ஐன்ஸ்டைன் 1905இல் வகுத்தார். காந்தத் துடிப்புகளைக் கொண்டு அதை அளக்கும் முறையை ஸ்டெஜ்ஸ்கல், டேனர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்டனர். முதல் துடிப்பு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அது நிற்கும் இடத்துக்கேற்ப ஓர் அடையாளம் இடுகிறது. சற்றுப் பின் வரும் இரண்டாம் துடிப்பு அதனை நீக்குகிறது. இடம் பெயராதவற்றின் அடையாளம் முற்றும் நீங்கும். பெயர்ந்தவற்றின் அடையாளம் எஞ்சி, கருவி பெறும் ரேடியோக் குறியை மங்கச் செய்யும். மங்கலின் அளவே அலைச்சலின் அளவு.

பிரான்ஸ் நாட்டு டெனி ல பியான், எம்.ஆர்.ஐ. படக்கருவியோடு இம்முறையை இணைத்து, 1986இல் மனித மூளையின் பரவற் படங்களை வெளியிட்டார். கட்டி வைத்த கோரைகளுக்கிடையே நீர் நீளவாட்டில் எளிதில் செல்லும். குறுக்கே செல்லத் தடையுண்டு. நரம்புக் கற்றையிலும் அவ்வாறே. ஆகவே நீர் விரும்பும் திசையை அறிந்தால் கற்றையின் திசையை ஊகிக்கலாம். இதற்கு ஒவ்வோரிடத்திலும் ஆறு எண்கள் போதும் என்னும் கணித முறையைப் பாசர், மட்டியெல்லோ, ல பியான் ஆகிய மூவரும் 1994இல் அளித்தனர்.

இம்முறைக்குக் கத்தி வேண்டாம்; எக்ஸ் கதிரும் வேண்டாம். பாலூட்டி, துணியில் சுற்றி, செவிகளுக்குக் காப்பிட்டு உறங்கவைத்த சிசுவையும் படமெடுக்கலாம். 1998இல் பாஸ்டனில் பெட்ரா ஹூப்பி குழுவினரும், செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி நீல் குழுவினரும் பிறந்த குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளை வெளியிட்டனர்.

அவ்வாராய்ச்சிகளின் முடிவுகளில் இரண்டை நான் சிறப்பாகக் கருதுகிறேன். மயலின் உறை தோன்றுமுன்னரே சில பாதைகளில் நீர் திசையறிந்து நடக்கிறது. உறையைத் தேடிய ஃபிளெக்சிக்கின் கண்ணுக்கு எட்டாத ஆரம்ப ஒழுங்கு இது. மற்றொன்று, குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள் நிறைமாத வயதை எட்டிய பின்னும், அவர்கள் மூளையின் நடு வெண்பகுதியில் இவ்வொழுங்கு நிறைமாதக் குழந்தைகளைவிடக் குறைவாகவே இருந்தது. வெளியுலகுக்கு முன்னதாக வந்துவிட்ட குழந்தைக்கு எத்தகைய கவனிப்பு வேண்டும் என்று சிந்திக்கும் மருத்துவருக்கு இது பெரிய செய்தி.

திசை குறைவதெல்லாம் கேடு என்று எண்ணிவிடவும் கூடாது. மூளையின் புறணியில், கருவின் 26ஆம் வாரமளவில் தெளிவாயிருக்கும் திசை, நிறைமாதத்தை நெருங்கும்போது மறைகிறது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நரம்பணுக்கள் பக்கவாட்டில் கிளைவிட்டுப் படர்வதன் அறிகுறி அது. ஒரே குறி ஓரிடத்தில் குறையையும் மற்றோரிடத்தில் வளர்ச்சியையும் உணர்த்தக் கூடும்.

ஆதலால் இப்படங்களை நிதானமாகப் படித்தல் வேண்டும். கணிப்பொறி தீட்டும் வண்ணக் கோடுகள் நரம்பிழைகளே ஆகா; நீரின் நடையிலிருந்து நாம் செய்யும் ஊகங்கள் அவை. இரு கற்றைகள் ஒன்றையொன்று கடக்குமிடத்தில் ஊகம் தவறவும் கூடும். அதனை உரைத்துப் பார்க்க நுண்பெருக்கியின் கீழ் வைத்த மூளைச் சீவல்கள் இன்றும் தேவைப்படுகின்றன. ஃபிளெக்சிக் தொடங்கிவைத்த பணி முடிந்துவிடவில்லை. ஆனால் இப்பொழுது ஒரே குழந்தையை இரண்டாம் முறையும் பார்க்க முடிகிறது. அக்குழந்தை உயிரோடு வளர்கிறது.