நோயாளர் கருத்தாய்வு: பழவேற்காடு ஏரிக்கரையில்

சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களிடம் மருத்துவமனையின் காத்திருப்பு நேரம், மருந்து, தூய்மை, ஊழியர் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைக் கேட்டறிவது நோயாளர் கருத்தாய்வு. கேட்கப்பட்டவர்களில் பதில் தந்தோரின் விழுக்காடு மறுமொழி வீதம் எனப்படும். மொத்த வீதம் உயர்ந்திருக்கும்போதும் ஒரு சமூகத்தின் குரல் அறவே விடுபட்டுப் போகலாம். அதனால் மொழி, சமூகம், பாலினம் வாரியாக அந்த வீதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர்ப் பகுதியில் இந்தச் சிக்கல் பல முகம் காட்டும். ஏரிக்கரைக் குப்பங்களில் மீனவரான பட்டினவர், அருகே இருளர், சற்றுத் தள்ளிப் பழவேற்காட்டில் முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தார் வாழ்கின்றனர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உண்டு. ஆனால் அவர்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தெலுங்கில் அச்சிட்ட படிவம் உதவாது. தமிழ்ப் படிவம் தந்தாலோ வாய்மொழியாகக் கேட்டாலோதான் பதில் வரும்.

நடுவண் நலவாழ்வு அமைச்சகம் 2016இல் தொடங்கிய ‘மேரா அஸ்பத்தால்’ திட்டம், மருத்துவமனையில் பதிந்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியோ அழைப்போ அனுப்புகிறது. ஓபி சீட்டு போடும்போது கொடுத்த எண் கணவருடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருந்தால், கேள்வி நோயாளியிடம் போய்ச் சேராது. ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண் பகலில் வரும் அழைப்பை எப்படி எடுப்பார்? அவரையும் பதில் சொல்ல விரும்பாதவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

நேரில் சென்றால் நிலை மாறும். வீடு வீடாக நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) பெண்களில் 97, ஆண்களில் 92 விழுக்காட்டினர் பதிலளித்தனர். அமெரிக்க மருத்துவமனைகள் பெரும்பாலும் அஞ்சலிலும் தொலைபேசியிலும் நடத்தும் நோயாளர் ஆய்வுக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் மாத்திரையோடு வாசலுக்கே வருகிறார்கள். கருத்துக் கேட்கும் வேலையையும் அவர்களிடமே விட்டால் வீதம் கூடும், உண்மை குறையும். மாத்திரை தரும் கையிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், “நல்லாத்தான் பாத்துக்கிறாங்கம்மா” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்காத, ஆனால் அந்த மக்களின் பேச்சு வழக்குள்ள ஒருவர், வலை கரையேறிய பிறகு தனியே கேட்பது மேல். நேரத்துக்கு ஈடாகச் சிறு தொகை கொடுப்பதும் பலன் தரும். அஞ்சல்வழி ஆய்வுகளில் இது உறுதிப்பட்டிருக்கிறது.

குறைவாக வந்த பதில்களுக்குப் புள்ளியியலில் கூடுதல் எடை கொடுப்பது வழக்கம். ஆனால் ஓர் ஊரிலிருந்து இருளர் இருவரே பதிலளித்திருந்தால், அந்த எடை அவ்விருவரின் சொல்லைத்தான் பெருக்கிக் காட்டும். மருத்துவமனைப் பக்கமே வருவதை விட்டுவிட்டவர்களின் காரணம் அதில் இராது.